வளைவைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்

பெரம்பலூரில் மேட்டுப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிய பையன்கள் போகிற திசையில் போனால் போதும். அந்தக் கூட்டமே ஆளைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும்.

ஜில்லா போர்டு காலத்தில், சோளம்கூடச் சரியாக விளையாத சுக்கான்கல் மேட்டில் ஒற்றை ஓட்டுக் கட்டடமாகத் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கட்டிச் சேர்த்தார்கள். கிழக்கே கல் கட்டடம், தெற்கே காரை பெயர்ந்த இரண்டு மாடி, நடுவில் வேப்பமரங்கள், பின்னால் அரசியல் கூட்டமும் கால்பந்தும் மாறி மாறி நடக்கும் பெரிய மைதானம், அதற்கும் அப்பால் கருவேலங்காடு. சுற்றுவட்டத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து படித்தார்கள். அங்கே படித்தவர்களில் டாக்டர் உண்டு, தாசில்தார் உண்டு, துபாயில் கிரேன் ஓட்டுபவரும் உண்டு. ஊருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் கோயிலுக்குச் சமமான ஒரு பெருமை இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் அது மேல்நிலைப்பள்ளி ஆயிற்று. பதினோராம் வகுப்பு தொடங்கியது. டவுனில் இருந்த பெண்கள் பள்ளி பத்தோடு நின்றுவிட்டதால், மேலே படிக்க விரும்பும் பெண்பிள்ளைகளும் இங்கேயே சேரலாம் என்று உத்தரவு வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒன்பது பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆடி மாதத்திலேயே, புழுதிக் காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பள்ளியின் முதல் ஆசிரியையாக அமிர்தவல்லியும் வந்தாள்.

வாட்ச்மேன் அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"யாரும்மா? புள்ளைய சேக்கணுமா?"

"இல்லீங்க. பாடம் நடத்தணும்."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

அமிர்தவல்லிக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு காலனித் தெரு. அப்பாவும் அம்மாவும் ஊரார் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கி, உடைத்துப் பிழைத்தவர்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்நுனிகள் எப்போதும் கறுத்து உரிந்திருக்கும். மகள் விரலில் மட்டும் அது படக்கூடாது என்று அந்த அம்மாள் பிடிவாதமாக இருந்தாள். அரசு விடுதிகளில் தங்கிப் படித்து, திருச்சியில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்து வேலைக்கு வந்தபோது அமிர்தவல்லிக்கு இருபத்தேழு வயது.

பெரம்பலூரில் வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எல்லா இடத்திலும் முதலில் அன்பாகப் பேசுவார்கள். பிறகு சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்பார்கள். பிறகு "வூட்டுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லிட்டோம்" என்பார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த சாகிரா என்ற விதவை, மகன்கள் இரண்டு பேரும் சவுதியில் இருப்பவள், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ரேடியோ சத்தமா வப்பியா?"

"எங்கிட்ட ரேடியோவே இல்லீங்க."

"அப்ப வா."

வகுப்பில் அமிர்தவல்லி சீக்கிரமே பேர் வாங்கிவிட்டாள். புத்தகத்தில் இருந்த படத்தை அவள் கரும்பலகையில் வரைவதோடு விடமாட்டாள். காலையில் வரும்போதே மைதானத்து ஓரத்தில் ஆவாரங்கொத்தை ஒடித்துக்கொண்டு வருவாள். ஆளுக்கு ஒரு பூவைக் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுவாள். தினம் மாட்டை விரட்டிக்கொண்டு ஆவாரஞ்செடியை மிதித்துப் போன பையன்கள், அதற்குள் இத்தனை அறை, இத்தனை இதழ் இருப்பதைக் குனிந்து பார்த்தார்கள்.

முன்பெஞ்சில் இருந்த பெண்களில் குல்சும் என்ற பெண்தான் எல்லாவற்றையும் முதலில் பிடித்துக்கொள்வாள். லப்பைக்குடிக்காட்டுக்காரரான அப்துல் மஜீது பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் மகள். அன்று பூவைப் பிரித்ததும் அவள்தான் எழுந்து கேட்டாள்.

"டீச்சர், மகரந்தத் தாளெல்லாம் ஒரே அளவா இருக்கும்னு நெனச்சேன். இதுல பெருசும் சின்னதுமா இருக்குதே?"

அமிர்தவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லூரியில் அவளே இரண்டாம் வருஷம்தான் கவனித்த விஷயம் அது. அன்று சாயங்காலம் சாகிராவிடம் அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். சாகிராவுக்கு மகரந்தத் தாள் விளங்கவில்லை. ஆனால் தன் சனத்துப் பெண் கெட்டிக்காரி என்பது விளங்கியது.

அந்த குல்சும் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. ஏற்கெனவே மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். கேட்டால் தலைவலி என்றார்கள், உடம்பு சரியில்லை என்றார்கள், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றார்கள். ஆசிரியர்கள் அறையில் ஒருவரும் வியப்படையவில்லை. "பொட்டப் புள்ளைங்க படிப்பு அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார்கள். அமிர்தவல்லியால் அப்படி விட முடியவில்லை. படிப்பில் பின்தங்கியவள் நின்றால் ஒரு காரணம் சொல்லலாம். குல்சும் ஏன் நிற்க வேண்டும்?

கார்த்திகை மாதம் ஆய்வகத்தில் லீலாவதி மயங்கி விழுந்தாள். பாடாலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் பெண். அமிர்தவல்லி முகத்தில் தண்ணீர் தெளித்து, மடியில் தலையை வைத்து, டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். லீலாவதி உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"குடிம்மா. காலையில சாப்பிட்டியா?"

"சாப்புட்டேன் டீச்சர். தண்ணி மட்டும் வேணாம்."

"ஏண்டி?"

அவள் பையன்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். "குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர். எங்க போறது?"

லீலாவதி மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். விடிந்ததும் வீட்டிலிருந்து கிளம்பினால், பொழுது சாய்ந்து திரும்பும் வரைக்கும் அடக்கிக்கொள்வது. மாதத்தில் அந்த மூன்று நாள் வரவே முடியாது. ஒருநாள் குல்சும் வகுப்பு நடுவில் தாங்க முடியாமல் பெஞ்சிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். எல்லோரும் போகும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்து, பிறகு தாவணியைச் சுற்றிக்கொண்டு போனவள்தான்.

அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆண் ஆசிரியர்களுக்குப் பூட்டுப் போட்ட கழிப்பறை ஒன்று இருந்தது. பையன்களுக்குக் கருவேலங்காடு இருந்தது. அமிர்தவல்லி இடைவேளையில் எதிரே இருந்த வீட்டுக்கு ஓடிப்போய் வந்துகொண்டிருந்தாள். தினம் ஓடியும், அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு ஆறவில்லை.

மறுநாளிலிருந்து இடைவேளைக்குப் பெண்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சாகிரா மறுக்கவில்லை. குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். ஆனால் வெளியே வேறு மாதிரி ஆயிற்று. ஐந்து பெண்கள் வரிசையாகச் சாலையைக் கடப்பதைப் பையன்கள் சுவரில் ஏறி நின்று பார்த்தார்கள். அதற்கு ஒரு பேரும் வைத்துக் கூவினார்கள். இன்னும் இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

தலைமையாசிரியர் கிருஷ்ணமூர்த்தி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டடம் கேட்டு மேல எழுதியிருக்கேம்மா. வகுப்பறைக்கே பணம் இல்லங்கிறாங்க."

"அப்ப ஊர்க்காரங்கள கேக்கலாங்க சார்."

"இதப் போயி எப்படிம்மா கேக்கிறது?"

"வாயாலதாங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொங்கல் கழிந்து பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் வருகிறது, அதில் பேசட்டும் என்றார். "நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

கூட்டம் பெரிய ஓட்டுக் கட்டடத்தில் நடந்தது. கழகத் தலைவர் ரைஸ்மில் கொளஞ்சியப்பன் அந்தப் பள்ளியிலேயே படித்தவர். வருஷம் தவறாமல் பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் அள்ளிக் கொடுப்பவர். பள்ளி மேல்நிலைப்பள்ளி ஆனதன் நினைவாக வாசலில் ஓர் அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு பக்கமும் யானை, மேலே தாமரை. ஓவிய ஆசிரியர் வரைந்து கொடுத்த படத்தை அவர் எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். கை தட்டினார்கள். வேறு யாராவது பேச விரும்புகிறார்களா என்று கேட்டபோது அமிர்தவல்லி எழுந்தாள். இருநூறு ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் பெண்.

"ஐயா, வளைவைப் பொறவு கட்டிக்கலாங்க. மொதல்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சபையில பேசுற பேச்சா இது?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பினார்.

"சபையில பேசாததாலதாங்க இது வரைக்கும் கட்டல" என்றாள் அவள். அதன் பிறகு நிறுத்தவில்லை. ஒன்பது பேர் வந்து மூன்று பேர் மிஞ்சியதைச் சொன்னாள். பெயர் சொல்லாமல், ஒரு பெண் தண்ணீர் குடிக்கப் பயந்து மயங்கி விழுந்ததைச் சொன்னாள். குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசி வரிசைக்கும் கேட்டது.

பின்னால் சுவரோரமாக நின்றிருந்த அப்துல் மஜீது இரண்டடி முன்னால் வந்தார்.

"டீச்சரம்மா, எம் மவ குல்சும் நின்னுட்டாளே... அதுவும் இதுக்காகத்தானா?"

அமிர்தவல்லிக்கு விடை தெரியும். ஆனால் அது அந்தப் பெண்ணின் மானம். "வூட்டுக்குப் போயி உங்க சம்சாரத்த கேளுங்க பாய்" என்றாள் மெதுவாக.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"கேக்க வேணாம், வெளங்கிருச்சு. 'தலவலிக்குது, அத்தா'ன்னு எம் மவ சொன்னா. நானும் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். படிக்கப் புடிக்கல போலிருக்கு, நிக்காவப் பாத்துருவோம்னு பேசவும் ஆரம்பிச்சுட்டேன். கடையில இருந்தா நான் வேண்டியபோது வூட்டுக்குப் போயிட்டு வர்றேன். யா அல்லா, இது ஒரு நாளும் என் புத்தியில வரலியே."

கொளஞ்சியப்பன் மேஜை மேலிருந்த யானைப் படத்தைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தார். "கட்டிரலாம். அத விடுங்க. நாளைக்கு அத யாரு கழுவுறது? அதையும் பேசிட்டா நல்லது" என்றார். அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

அப்போது எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "டீச்சரம்மாவே பாத்துக்குவாங்க. அவுங்க சனத்துக்குப் பழக்கந்தானே."

யாரிடமும் குரல் உயர்த்தாத கிருஷ்ணமூர்த்தி நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "யார்யா அது? எந்திரிச்சு நின்னு பேசு!" ஒருவரும் எழவில்லை.

அமிர்தவல்லி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆண்டிமடத்துப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது அவளையும் தங்கையையும் மட்டும் வாத்தியார் பின்பக்கம் கழுவ அனுப்பிய நாட்கள். ஏழாம் வாய்ப்பாட்டை அவள் ஜன்னலுக்கு வெளியே, கையில் விளக்குமாறோடு கேட்டுத்தான் படித்தாள்.

"பழக்கந்தாங்க" என்றாள். "ரெண்டாப்பு படிக்கயில கழுவச் சொன்னாங்க, கழுவுனேன். இனிமே நான் கழுவ மாட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிற எந்தப் புள்ளையும் கழுவக் கூடாது, அது எந்தத் தெருப் புள்ளையா இருந்தாலும் சரி. கெணத்துலேருந்து மேல தொட்டி கட்டி, குழாயில தண்ணி வரணும். கையால அள்ளுற வேலையே இருக்கக் கூடாது. சம்பளம் போட்டு ஆள் வைக்கணும். அப்படின்னா கட்டுங்க. இல்லாட்டி வேணாம்."

கொளஞ்சியப்பன் பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு, "அந்தப் புள்ள சொன்ன மாதிரியே எழுதிக்குங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். அன்று முதல் தொகையை மேஜையில் வைத்தவர் அப்துல் மஜீது.

அதன் பிறகும் ஒரு சண்டை இருந்தது. எங்கே கட்டுவது? பெரியவர்கள் எல்லாரும் மைதானத்துக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையைக் காட்டினார்கள். அமிர்தவல்லி கிருஷ்ணமூர்த்தியை அழைத்துக்கொண்டு வளாகம் முழுக்க நடந்தாள். கண்ணில் படாத மூலைக்கு எந்தப் பெண்ணும் தனியாகப் போகமாட்டாள், போனாலும் பின்னாலேயே நாலு பேர் போவார்கள் என்றாள். ஆய்வகத்துக்கு அடுத்து, தலைமையாசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் இடத்தில் நின்று, "இங்கதாங்க சார்" என்றாள்.

"ஆபீசுக்கு எதிர்லயாம்மா?" என்று அவர் தயங்கினார்.

"உங்க கண்ணு முன்னாடி இருந்தாத்தான் எவனும் வம்பு பண்ண மாட்டான்."

அங்கேயேதான் கட்டினார்கள். மதுரைவீரன் என்ற கொத்தனார், அவரும் அந்தப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர், சித்திரை வெயிலில் நின்று வேலையை முடித்தார். நான்கு அறை, உயரமான சுவர், உள்ளே தாழ்ப்பாள், ஒரு கண்ணாடி. கண்ணாடி யாரும் கேட்காதது. அவராகவே வாங்கிப் பதித்தார். சம்பளத்துக்கு ஆள் போட மேலிடத்து உத்தரவு வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அதுவரைக்கும் கழகமே சம்பளம் கொடுத்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று குல்சும் தன் அத்தா அப்துல் மஜீதோடு வந்தாள். ஒரு வருஷம் போய்விட்டதால் மறுபடியும் பதினொன்றிலேயே சேர வேண்டியிருந்தது. அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அமிர்தவல்லியைப் பார்த்ததும் சலாம் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "அழுவாதடி, மொதல் பீரியடு என்னோடதுதான்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனாள் டீச்சர். நின்றுபோன மற்றவர்களையும் தேடி அமிர்தவல்லி ஊர் ஊராகப் போனாள். ஒருத்தி வந்தாள். மற்றவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. குன்னத்துப் பக்கம் ஒருத்தி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நின்றபடியே, பாடம் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அமிர்தவல்லியால் வெகுநாள் மறக்க முடியவில்லை.

பெண்களுக்குக் கட்டியதைப் பார்த்துவிட்டுப் பையன்களும் அவளிடம்தான் வந்தார்கள். சுவரில் ஏறிக் கூவியவர்களும் அதில் இருந்தார்கள்.

"டீச்சர், எங்களுக்கும் ஒண்ணு கட்டச் சொல்லுங்க டீச்சர். கருவேலங்காட்டுல பாம்பு கெடக்குது."

"நான் ஏண்டா சொல்லணும்? ஹெட்மாஸ்டர்கிட்ட நீங்க போயி கேளுங்க. சத்தமா கேளுங்க."

கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களுக்கும் வந்தது.

லீலாவதி பன்னிரண்டு முடித்துத் திருச்சியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். குல்சும் தாவரவியலில் மாவட்டத்தில் பேசப்படும் மதிப்பெண் எடுத்தாள். அவளை பி.எஸ்ஸி.க்கு அனுப்ப லப்பைக்குடிக்காட்டு உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது, அப்துல் மஜீது, "எம் மவ படிப்ப ஒரு தரம் நானே தெரியாம நிறுத்தினேன், ரெண்டாந்தரம் தெரிஞ்சு நிறுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எண்பத்தைந்து வாக்கில் பெண்பிள்ளைகள் இருநூறைத் தாண்டினார்கள். அவர்களுக்கென்று இன்னும் இரண்டு ஆசிரியைகள் வந்தார்கள். கொளஞ்சியப்பனின் யானை வளைவும் ஒருநாள் எழும்பியது. திறப்பு விழாவில் அமிர்தவல்லிதான் நன்றி சொன்னாள். யானைகள் அழகாக இருப்பதாகவும், தும்பிக்கை மட்டும் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாகவும் அவள் சொன்னபோது கொளஞ்சியப்பனே விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர் மாப்பிள்ளை. பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு, சாகிரா வீட்டில் பிரியாணி. ஆண்டிமடத்திலிருந்து வந்த அவள் அம்மா அன்று பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். விடுமுறை நாள். வாட்ச்மேன் கேட்டை முழுக்கத் திறந்துவிட்டார். அந்த அம்மாள் ஓட்டுக் கட்டடம், கல் கட்டடம், மாடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "இம்மாம் பெருசா! இதுலயா நீ நின்னு பேசுன?" என்று கேட்டுவிட்டு, மகள் பதில் சொல்வதற்கு முன்பே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எண்பத்தாறில் அமிர்தவல்லிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில் உயர்நிலைப்பள்ளி. அங்கே போய்ப் பார்த்தால் கழிப்பறை இருந்தது. இரண்டு வகுப்பறைகளுக்குக் கூரைதான் இல்லை. சேர்ந்த வாரமே அவள் ஊர்க்கூட்டத்தைக் கூட்டிவிட்டாள் என்று மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் செய்தி வந்தது.